கருப்பை உள்சவ்வு: ஸ்கேன் போதுமா, எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அலட்சியம் கூடாது. ஹைளு திரும்பிவிட்டது, உடல் சூடு என்று எண்ணி மாதக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருக்கும் தாய்மார்கள் நம் வீடுகளில் உண்டு. பெரும்பாலோருக்குக் காரணம் சாதாரணமானதே. கருப்பையின் உள்சவ்வு மெலிந்திருக்கலாம். பாலிப் எனும் சதை வளர்ச்சி இருக்கலாம். சிலருக்கு மட்டும் அது புற்றுநோயின் முதல் அறிகுறி. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

"பெரிய ஸ்கேனே எடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். அது தேவையில்லை. இரண்டுக்கும் வேலை வேறு.

முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட். பிறப்புறுப்பு வழியாக எடுத்தால் உள்சவ்வின் தடிமன் துல்லியமாகத் தெரியும். மாதவிடாய் நின்றவருக்கு அது 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தாலோ, குறைவாக இருந்தும் இரத்தப்போக்கு தொடர்ந்தாலோ பயாப்சி தேவை. மாதவிடாய் வரும் வயதினருக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு மாதத்தின் நாளுக்கேற்பத் தடிமன் மாறும்.

எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் அடுத்த கட்டம். பயாப்சியில் புற்றுநோய் உறுதியான பின், அது தசைச்சுவரில் பாதி ஆழத்தைத் தாண்டியதா, கருப்பை வாய் வரை பரவியதா என்று பார்த்து அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட உதவும். செலவும் நேரமும் அதிகம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், உடலில் உலோகம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு சோதனையிலும் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை.

ஆனால் இரண்டுமே படம்தான். அது புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது, சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சி மட்டுமே. எனவே, "எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, பயாப்சி வேண்டாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

கூச்சத்தால் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம்; துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துச் செல்லலாம். திருமணமாகாத பெண்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுக்கலாம்.

மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அது உள்சவ்வைத் தடிக்கச் செய்யக்கூடியது.

இன்றே உங்கள் உம்மாவிடமும் மாமியிடமும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.