சிவப்புத் தரைக்கு ஆசிட் வேண்டாம்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மாமனார் காலத்து ரெட் ஆக்சைடு தரை. இப்போது திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. கொத்தி எடுத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்கிறார் மேஸ்திரி. போடலாமா?"

அம்மா, கொத்த விடாதீர்கள். சிவப்பு எங்கேயும் போயிருக்காது. அது இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. ஏற்கெனவே முழுக்கத் துருப்பிடித்ததை வெயில் என்ன செய்துவிடும்? வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் சுண்ணாம்பு. சிமெண்டுக்குள் இருப்பது ஈரத்தோடு மேலேறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருக்கிறோம், ஈரத்துக்குக் குறைவில்லை.

இதற்கு எல்லோரும் பாத்ரூம் ஆசிட்டைத்தான் எடுக்கிறார்கள். சுண்ணாம்பைக் கரைக்கும் ஆசிட் சிமெண்டையும் அரிக்கும். கொத்தனார் கரணையால் இழைத்து இழைத்துக் கொண்டுவந்த வழவழப்பு ஒரே நாளில் போய்விடும். ஆஸ்பத்திரிகளில் போடும் வினைல் தரை என்றால் கதை வேறு, அங்கே தேய்வது மேலே போட்ட அக்ரிலிக் பூச்சு. அதைக் கரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். இங்கே தேய்வது தரையேதான். அதனால் சோப்புத் தண்ணீர், நைஸான வாட்டர் பேப்பர், பொறுமை. நன்றாகக் காய்ந்தபிறகு எண்ணெய்.

என்ன எண்ணெய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமாகத் தடவும் தேங்காய் எண்ணெய் காயவே காயாது, தூசியைப் பிடித்துவைக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் ஆவியாகி அல்ல. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப் படலமாகும். காயக் காய எடை கூடும் எண்ணெய் இது! என் அம்மா புதுத் தோசைக்கல்லில் எண்ணெயை மெல்லிசாகத் தடவித் தடவிச் சூடேற்றிப் பழக்குவார். அங்கே அடுப்பு செய்வதை இங்கே காற்று செய்கிறது. மெல்லிசாக என்பது முக்கியம். தடவியதும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், தேங்கினால் பிசுபிசுக்கும்.

எண்ணெய் இப்படிக் காயும்போது சூடும் பிறக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள். புதிதாகப் போட்ட தரைக்கு இந்த எண்ணெய் ஆகாது. பச்சை சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும்.

சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. இந்தச் சிவப்புத் தரையை இழைக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. நல்ல நிலையில் இருப்பதை நாமே கொத்துவது எனக்குத் தாங்கவில்லை.

ஆளிவிதை எண்ணெயைப் பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். பீரோவுக்குப் பின்னால் ஒரு முழம் இடத்தில் முதலில் செய்து பாருங்கள். மேஸ்திரிக்குப் பதில் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.