திமிங்கலத்தின் மூச்சும் நம் மூச்சும்

தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி, விறகடுப்பின் புகை, பீடி, சிகரெட் ஆகியவற்றால் நுரையீரல் நலிந்து, அம்மாபேட்டைப் பகுதியிலிருந்து சிகிச்சைக்கு வருவோர் பலர். மூச்சுத்திணறல் தொடங்கியதும் அவர்கள் முதலில் கைவிடுவது வெளியூர்ப் பயணங்களையே. உடனிருந்து பராமரிக்கும் மனைவியோ மகளோ தாமும் வீட்டோடு முடங்கிவிடுகின்றனர். கோடை விடுமுறை நெருங்கும்போது, "அப்பாவைக் கடல் பார்க்க அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?" என்று தயக்கத்துடன் கேட்போர் உண்டு. சென்ற ஆண்டு திருகோணமலையில் திமிங்கலங்களைக் காணப் படகில் சென்றபோது, இக்கேள்விக்கு விரிவாக விடை எழுத வேண்டும் எனத் தோன்றிற்று.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையில், கரைக்கு மிக அருகிலேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று உள்ளது. ஆழ்கடலில் உலவும் நீலத் திமிங்கலங்கள் கரையோரம் வருவது இதனால்தான். ஏறத்தாழ மார்ச் முதல் ஆகஸ்டு வரை அவற்றை அங்கே காணலாம். தென்கரையிலுள்ள மிரிசாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். கூனல்முதுகுத் திமிங்கலம் இப்பகுதியில் அரிது. ஓமான் கரையையொட்டி வாழும் அவ்வினத் திமிங்கலங்கள் நூற்றுக்கும் குறைவே என மதிப்பிடப்பட்டுள்ளது. 2017இன் இறுதியில் அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்னும் பெண் திமிங்கலம், அரபிக்கடலைக் கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து திரும்பியது.

படகு கரையை விட்டு அகன்றதும் முதலில் கண்ணில் படுபவை பறவைகள். ஆலாக்கள் கூட்டமாக நீரில் பாயுமிடத்தில் சிறுமீன்கள் மேலெழுந்துள்ளன என்பது படகோட்டிகள் அறிந்த குறிப்பு. சற்று நேரத்தில் தொலைவில் வெண்ணிறத் தூண் ஒன்று எழும். நீலத் திமிங்கலத்தின் மூச்சு அது. 9 மீட்டர் உயரம்வரை எழக்கூடியது. பலர் எண்ணுவதுபோல் அது கடல்நீரன்று. வெளிவிடும் வெப்பமான காற்றிலுள்ள ஈரம் துளிகளாக மாறிய புகார்.

நுரையீரல் மருத்துவரான எனக்கு வியப்பளித்தது அந்த மூச்சின் முறையே. நீர்ப்பரப்புக்கு வந்ததும் திமிங்கலம் முதலில் மூச்சை முழுமையாக வெளிவிடுகிறது, பின்னரே உள்ளிழுக்கிறது. ஒரே மூச்சில் நுரையீரற் காற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மாற்றிவிடுகிறது. வயதுவந்த ஆணின் நுரையீரல் கொள்ளும் காற்று ஏறத்தாழ 6 லிட்டர். அமைதியாக இருக்கையில் ஒரு மூச்சில் மாறுவது அரை லிட்டரே.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழல்கள் சுருங்கியிருப்பதால், பழைய காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சு தொடங்கிவிடுகிறது. காற்று உள்ளே தேங்கத் தேங்கத் திணறல் மிகுகிறது. அச்சத்தால் வேகமாக மூச்சிழுத்தால் தேக்கமும் கூடும். ஆகவே திணறும்போது வெளிமூச்சில் கருத்தைச் செலுத்துங்கள். முன்சாய்ந்து அமர்ந்து, கைகளை முழங்கால்மேல் ஊன்றுங்கள். இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து, நான்கு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். இதனை நாள்தோறும் வீட்டில் பழகியிருந்தால்தான் படகிலும் கைகொடுக்கும். பராமரிப்பவரும் கற்றுக்கொண்டு, உடன் எண்ணி உதவலாம்.

பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை சில. விமானத்தினுள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. எனவே இரத்த ஆக்சிஜன் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். மிதவைச் சட்டையின் வார்கள் மார்பை இறுக்காதவாறு சரிசெய்யச் சொல்லுங்கள். விரைவுப் படகின் முன்பகுதி அலையில் மோதிக் குலுங்கும். எலும்புத் தேய்மானம் உள்ளோர் பின்பகுதியில் அமர்வது நன்று. குமட்டல் வராதிருக்க இரண்டு இட்லி போன்ற எளிய உணவு உண்டு, கைப்பேசியைப் பாராமல் தொடுவானத்தையும் பறவைகளையும் நோக்குங்கள். வாந்தித் தடுப்பு மாத்திரைகள் சில கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உடையோருக்கு ஒவ்வா. கேட்காமல் வாங்க வேண்டாம். இன்சுலின் எடுப்போர் வாந்தியெடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். குளுக்கோஸ் உடன் இருக்கட்டும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோரும் படகைத் தவிர்க்க வேண்டும். ஆயினும் திருகோணமலையில் திருக்கோணேசுவரம் அமைந்துள்ள சுவாமி மலைப்பாறையிலிருந்தே, பருவகாலத்தில் நீலத் திமிங்கலங்களின் மூச்சுத் தூணைக் காண இயலும். படியேறுகையில் நின்று நின்று, வெளிமூச்சுடன் அடியெடுத்து வையுங்கள். கடல் பயணமோ மலைப்பயணமோ, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுப் பயிற்சிக்கும் மருந்து மாற்றத்துக்கும் அக்கால அளவு போதுமானது.