சிரிப்புக்குள் யார்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வருகிறவர்கள் பெரும்பாலும் ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். சிலர் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் போவார்கள். அந்த அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்கிறது ஊர் வழக்கு.

கதை இதுதான். தவம் செய்யும் முனிவர்களுக்கு அசுரர்களால் தொல்லை. காவலுக்கு ஒரு பெண் பாவையைச் செய்து நிறுத்துகிறார்கள். அசுர வாடை பட்டதும் அது அசையும், சிரிக்கும். மயங்கிக் கிட்டே போனவன் திரும்ப மாட்டான். வாடையை உணர்கிறது, ஆளைப் பிரித்தறிகிறது, அதற்கேற்ப இயங்குகிறது; ரோபோவிடம் இன்று எதிர்பார்ப்பதும் இவற்றைத்தான். உடனே ‘அன்றே தமிழன் ரோபோ செய்தான்’ என்று கிளம்ப வேண்டாம். சிரிக்கும் பாவைக்குள் சிரிக்கிறவள் ஒருத்தி உண்டா என்ற கேள்வியே போதும்.

நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர் காட்டும் பாவையோ அசைவதே இல்லை. காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு குலையாது. அதுபோலத் தன் நெஞ்சைவிட்டுத் தலைவி நீங்க மறுக்கிறாள் என்கிறான் தலைவன். பாவை நின்ற இடத்தில் நிற்கிறது; ஆட்டம் காண்பது பார்த்தவன்தான்.

2015இல் திரைக்கு வந்த அலெக்ஸ் கார்லண்டின் ‘எக்ஸ் மாகினா’வும் பார்க்கிறவனைத்தான் குறிவைக்கிறது. காலெப் என்ற புரோகிராமர், ஏவா என்ற எந்திரப் பெண்ணுக்கு மனம் இருக்கிறதா என்று சோதிக்க வருகிறான். முகமும் கைகளும் மனிதச் சாயல். வயிற்றுப் பக்கம் கண்ணாடிபோலத் தெரிய, உள்ளே விளக்குகள் மினுங்குகின்றன. எந்திரம் என்று தெரிந்தேதான் விழுகிறான். அவனைப் பூட்டிய கதவுக்குள் விட்டுவிட்டு அவள் வெளியேறிவிடுகிறாள். அதற்கு முன்பே ஒரு காட்சி: தானும் எந்திரமோ என்ற சந்தேகத்தில், கண்ணாடி முன் நின்று பிளேடால் கையைக் கிழித்துப் பார்க்கிறான். ரத்தம் வருகிறது. ரத்தம் வந்தால் சதை இருக்கிறது என்று ஆகும். மனம் இருப்பதற்கு அது சாட்சியா?

சிரிப்பும் நம்பத் தகுந்த சாட்சியில்லை. பிரெஞ்சு மருத்துவர் டுஷென், முகத்தில் உணர்ச்சி மரத்துப்போன ஒரு முதியவரின் கன்னத்தில் மின்முனைகளை வைத்துப் படம் பிடித்தார். 1862இல் நூலாக வெளியிட்டார். மின்சாரம் பாய்ந்ததும் உதட்டோரம் மேலேறியது. கிழவருக்கு அதில் மகிழ்ச்சி ஏதும் இல்லை. மனதாரச் சிரித்தால்தான் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்றார் டுஷென். பலரால் அதையும் வேண்டுமென்றே செய்ய முடிகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன.

முகமே இல்லாவிட்டாலும் நாம் விழுவோம். 1966இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் ‘எலிஸா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். அம்மாவைப் பற்றித் தட்டச்சு செய்தால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று கேட்கும். சொல்லைப் பிடித்துத் திருப்பிப் போடும் வித்தை, அவ்வளவுதான். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதனுடன் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில், அறையைவிட்டுக் கொஞ்சம் வெளியே இருக்கும்படி அவரையே கேட்டுக்கொண்டாராம்.

எந்திரம் சிந்திக்குமா என்று பார்க்கும் தன் சோதனையை ஆலன் டூரிங் 1950இல் ‘மைண்ட்’ இதழில் முன்வைத்தபோது முகத்தையும் குரலையும் வேண்டுமென்றே விலக்கினார். தட்டச்சு செய்த பதில்கள் மட்டும். எந்திரமாகவே மாறிப் பார்க்காமல் அது சிந்திக்கிறதா என்று எப்படிச் சொல்வது என்ற ஆட்சேபத்துக்கும் அதிலேயே பதில் தந்தார்: அந்தக் கணக்குப்படி பக்கத்து மனிதர் சிந்திக்கிறார் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. எல்லோரும் சிந்திக்கிறவர்களே என்று ஒரு மரியாதைக்கு ஒப்புக்கொண்டுதான் பழகுகிறோம். காலெப்பும் அந்தச் செயலாளரும் காட்டியது அந்த மரியாதையைத்தான். ஆளைப் பார்க்காமல் காட்டிவிட்டார்கள்.