சட்டம் ஏட்டில் இருக்கிறது. செடிக்கு வேண்டியது பராமரிப்பு

புது தில்லி: பூச்செடிகளுக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவது அரிது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1991-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அத்தகைய ஒன்று. அதன்படி ஆறு வகைத் தாவரங்கள் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றில் மூன்று ஆர்கிட் இனத்தவை: நீல வாண்டா, சிவப்பு வாண்டா, 'லேடீஸ் ஸ்லிப்பர்' எனப்படும் செருப்பு வடிவ மலர்கள்.

2022 ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திருத்தத்திலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. அனுமதியின்றி இச்செடிகளைப் பறிப்போரையும் விற்போரையும் சட்டம் தண்டிக்கலாம். ஆனால் பூங்காவில் உள்ள செடியை உயிருடன் வைத்திருக்கச் சட்டத்தால் இயலாது. அது தோட்டப் பணியாளரின் அன்றாட வேலை.

பூங்காவும் ஒரு காரணம்: ஹௌராவில் உள்ள ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்காவின் வரலாறு இதற்குச் சான்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிட் 1787-இல் தொடங்கிய பூங்கா இது. ஆர்கிட்டுகளை நாட்டின் பல பகுதிகளிலிருந்து இங்கு கொண்டுவந்து சேர்த்தனர். 1850-இல் காசி மலைக்குச் சென்ற தாவரவியலர் ஜோசப் ஹூக்கர், கல்கத்தா பூங்காவின் கண்காணிப்பாளர் பால்கனர் அனுப்பிய ஆட்கள் உள்பட ஏராளமானோர் அங்கே செடிகளைச் சூறையாடுவதாக வருந்தி எழுதினார். அவரே ஏழு சுமை நீல வாண்டாவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றில் மிகச் சிலவே உயிருடன் போய்ச் சேர்ந்தன.

அதே பூங்காதான் பின்னர் அறிவுச் செல்வத்தையும் அளித்தது. கண்காணிப்பாளர் ஜார்ஜ் கிங்கும், சின்கோனா தோட்ட அதிகாரி ராபர்ட் பான்ட்லிங்கும் 1898-இல் வெளியிட்ட சிக்கிம் இமயமலை ஆர்கிட் நூலில் சுமார் 450 வகைகள் விவரிக்கப்பட்டன. அதன் படங்களுக்கு வண்ணம் தீட்டியவர்கள் பான்ட்லிங் பயிற்சியளித்த லெப்சா இளைஞர்கள்.

சமவெளியின் வெப்பம்: குளிர்ந்த மலைக்காடுகளில் வளரும் ஆர்கிட்டுகள் கல்கத்தாவின் வெப்பத்தைத் தாங்குவதில்லை. எனவே 1878-இல் டார்ஜிலிங்கில் கிளைப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை, வடகிழக்கு வகைகளுக்கு ஷில்லாங்கிலும், தென்னகத்து வகைகளுக்குச் சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலும் தேசிய ஆர்கிட் பூங்காக்களை நிறுவியது.

வளர்ப்பும் எளிதன்று. மரத்தில் தொற்றி வளரும் ஆர்கிட்டுகளுக்கு மண் ஆகாது. கரித்துண்டு, செங்கல் சில்லு, மரப்பட்டை ஆகியவற்றில் வேர் பற்ற வேண்டும். காற்று ஈரமாக இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஒரு காயில் லட்சக்கணக்கான விதைகள் இருந்தாலும் அவற்றில் உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி அவை முளைப்பதில்லை. இதனால் ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கவைக்கிறார்கள். நாற்று பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

பெயர்ப்பலகையும் முக்கியம்: எந்த மலையில், எந்த ஆண்டில், எந்த உயரத்தில் எடுக்கப்பட்டது என்ற பதிவு தொலைந்தால், செடி பிழைத்திருந்தும் அறிவியல் மதிப்பைப் பெரிதும் இழந்துவிடும். அழிந்துபோன காட்டுக்கு அதைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை.

இந்தியாவில் 1,256 ஆர்கிட் வகைகள் உள்ளதாகத் தாவரவியல் ஆய்வுத் துறை 2019-இல் பட்டியலிட்டது. அவற்றில் 388 வகைகள் வேறு எந்த நாட்டிலும் இல்லாதவை. அவற்றின் வாழிடம் அழிந்தால், பூங்காவில் எஞ்சும் செடிகளே கடைசிக் காப்பு.

இத்துறை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது புலிகளையும் காடுகளையும் பற்றிப் பேசும் உறுப்பினர்கள், நிழல் வலைக்கும் நீர்த்தெளிப்புக்கும் பயிற்சி பெற்ற தோட்டப் பணியாளருக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்றும் கேட்க வேண்டும். ஒரு கோடைகாலத்தில் நீர் தெளிக்கத் தவறினால், பல ஆண்டுகள் சேர்த்த செடிகள் கருகிப்போகும். அவற்றை எந்தத் திருத்தச் சட்டமும் மீட்டுத் தராது.