பழைய ரண சிகிச்சையும் புதிய முதுகுவலியும்

பிள்ளைப் பருவத்தில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துவிட்டமையால் ரண சிகிச்சை செய்துகொண்டவர்கள் நம்மிடையே உளர். பதினான்கு, பதினைந்து வயதில் வேலூரிலோ சென்னையிலோ முதுகில் உலோகக் கம்பி பொருத்தப்பெற்று, பின்னர் உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறியவர்கள் அவர்கள். இருபது, முப்பது ஆண்டுகள் யாதொரு தொல்லையுமின்றிக் கழிகின்றன. பிறகு வலி மெல்லத் தலைகாட்டுகிறது. அன்று சிகிச்சை செய்த டாக்டர் ஓய்வு பெற்றிருப்பார்; ஊரோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இந்நிலையில் யாரிடம் செல்வது, எவற்றைக் கொண்டு செல்வது, என்ன கேட்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை காண முற்படுவோம்.

முதலில் நோயின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்றுள்ளன. அவற்றுக்குக் கீழே ஒன்றாய் இணைந்த எலும்புகள் அடித்தளமாக அமைகின்றன. இவ்வடுக்கு பக்கவாட்டில் 10 பாகை அல்லது அதற்கு மேல் வளைந்து, உடன் திருகியும் இருப்பின் அதனை ஸ்கோலியோசிஸ் என்பர். அமெரிக்க டாக்டர் ஜான் காப் 1948-இல் விளக்கிய முறைப்படியே இன்றும் எக்ஸ்ரே படத்தில் இவ்வளைவை அளக்கின்றனர்.

வளைவு மிகுந்தவர்களுக்குக் கம்பி பொருத்தும் முறையை டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்பவர் உருவாக்கினார். இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்த அனுபவத்தில் பிறந்த அம்முறையை அவர் 1962-இல் மருத்துவ உலகுக்கு விரிவாக எடுத்துரைத்தார். கம்பி வளைவை நிமிர்த்திப் பிடிக்கும். அதற்குள் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். எண்ணற்ற குழந்தைகளுக்கு நிமிர்ந்த வாழ்வை அளித்த முறை அது. ஆயினும் கம்பி முதுகை மேலும் கீழுமாக நீட்டியதால், சிலருக்கு இடுப்பில் இயல்பாக அமைந்துள்ள முன்வளைவு தட்டையாகிவிட்டது. அத்தகையோர் வயது ஏறியபின் நேரே நிற்க இயலாமல் முன்சாய்ந்து, முழங்காலை மடக்கியே நிற்பர். மாலை நேரத்தில் களைத்துவிடுவர். பிற்காலத்து முறைகளில் இக்குறையைத் தவிர்க்கப் பெரிதும் கருத்துச் செலுத்தப்பட்டது.

வேறு காரணங்களும் உண்டு. ஒட்டிப்போன பகுதி அசையாதாகையால், அதற்குக் கீழே எஞ்சிய ஓரிரு மூட்டுகளே குனிதல் நிமிர்தலின் பளுவைத் தாங்குகின்றன. அங்குள்ள வட்டுகள் விரைவில் தேயலாம். நரம்பு செல்லும் வழி குறுகலாம். எலும்பு ஓரிடத்தில் சரிவர ஒட்டாதிருந்தால் கம்பியே முறிதலும் உண்டு. அரிதாக, நெடுநாள் கழித்துக் கிருமித் தொற்றும் தோன்றலாம். இவை யாவும் ‘முதுகுவலி’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆகவேதான் தக்க நிபுணர் வேண்டும் என்கிறோம்.

காலில் திடீரென்று வலுவின்மை, சிறுநீரோ மலமோ அடக்க இயலாமை, சிறுநீர் கழிக்க முடியாமை, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்துப்போதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் நிபுணரைத் தேடிக் காலம் கடத்தலாகாது. அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும். காய்ச்சலுடன் கூடிய முதுகுவலியையும் அன்றே காட்ட வேண்டும்.

இனி, யாரிடம் செல்வது? நம் நாட்டில் முதுகெலும்பு ரண சிகிச்சை செய்வோர் இரு வழிகளில் வருகின்றனர். எலும்பு மருத்துவம் பயின்றோர் சிலர். நரம்பு ரண சிகிச்சை பயின்றோர் சிலர். இருவகையினரும் தகுதியுடையோரே. கவனிக்க வேண்டியது அதற்குப் பின் பெற்ற தனிப்பயிற்சி. தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் முதுகெலும்பு ரண சிகிச்சைக்கெனத் தனிப் பயிற்சித் தகுதி வழங்குகிறது. டாக்டரின் பதிவைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். இந்திய முதுகெலும்பு ரண சிகிச்சையாளர் சங்கமும், 1966-இல் தோன்றிய சர்வதேச ஸ்கோலியோசிஸ் ஆராய்ச்சிச் சங்கமும் இத்துறையினருக்கானவை. அவற்றில் ஒருவர் உறுப்பினரா என்பதும் ஒரு குறிப்பாகும். ஆனால் தேய்ந்த வட்டு ஒன்றை அகற்றும் தேர்ச்சி வேறு. கம்பி பொருத்திய முதுகை மறுபடியும் திறந்து நிலைநிறுத்தும் தேர்ச்சி வேறு. குழந்தைகளின் வளைவை மட்டும் கவனிப்பவரிடம் பெரியோருக்குரிய அனுபவம் குறைவாக இருக்கலாம். எனவே, “பெரியவர்களுக்கு மறு ரண சிகிச்சை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று தயங்காமல் கேட்க வேண்டும். நல்ல டாக்டர் இக்கேள்வியைத் தவறாகக் கொள்ளமாட்டார்.

தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், வசந்த் குஞ்சிலுள்ள இந்திய முதுகுத்தண்டுக் காய மையம், வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கோயம்புத்தூரில் கங்கா ஆஸ்பத்திரி ஆகியவை முதுகெலும்பு ரண சிகிச்சை நடைபெறும் இடங்களுள் சில. ஊருக்கே திரும்பிச் செல்வதா, இருக்கும் நகரிலேயே காட்டுவதா என்பது பலருக்கும் எழும் ஐயம். ஊரில் உறவினர் துணையும் தாய்மொழியும் உண்டு. ஆனால் மறு ரண சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் நெடும்பயணம் எளிதன்று. 2020-ஆம் ஆண்டு வெளியான விதிமுறைகளின்படி தொலைபேசி வழியாகவும் காணொலி வழியாகவும் டாக்டரின் ஆலோசனை பெறலாம். முதற் கருத்தை அவ்வாறு அறிந்தபின் பயணத்தை முடிவு செய்யலாம்.

எவற்றைக் கொண்டு செல்வது? பழைய ரண சிகிச்சைக் குறிப்பு, வெளியேற்றச் சீட்டு, எக்ஸ்ரே படங்கள், பொருத்திய கம்பியின் விவரம் ஆகியவை முதன்மையானவை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் ஆவணங்களைக் காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். மிகப் பழையவை கிடைக்காமற் போகலாம். எனினும் பதிவு எண்ணைக் குறித்து எழுதிக் கேட்பதில் நட்டமில்லை. ஒன்றும் கிடைக்காவிடினும் மனம் தளர வேண்டுவதில்லை. இன்றைய படத்தைக் கண்டே தேர்ந்த டாக்டர் கம்பியின் வகையைப் பெரும்பாலும் கண்டறிவார். தலை முதல் தொடை வரை நின்ற நிலையில் எடுத்த நீண்ட எக்ஸ்ரே படமே உடலின் சமநிலையைக் காட்டும். படுத்த நிலையில் எடுத்த சிறு படம் போதாது. எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் உடலில் உலோகம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பழைய எஃகுக் கம்பி படத்தைக் கலைக்கக்கூடும், அப்போது சி.டி. படம் துணைபுரியும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வலியைக் குறிக்கத் தமிழில் குத்தல், குடைச்சல், எரிச்சல், மதமதப்பு எனப் பல சொற்கள் உண்டு. பிறமொழி டாக்டர் முன்னிலையில் இவையனைத்தும் ‘தர்த்’ என்ற ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. நரம்புக் கோளாற்றை அறிய இவ்வேறுபாடே வழிகாட்டும். இந்தியில் எரிச்சலை ‘ஜலன்’ என்றும், மரத்துப்போதலை ‘சுன்’ என்றும், எறும்பு ஊர்வது போன்ற உணர்வை ‘ஜுன்ஜுனி’ என்றும், வலுவின்மையைக் ‘கம்ஜோரி’ என்றும் சொல்லலாம். ‘கால் இழுக்கிறது’ என்று நாம் சொல்வது தசைப்பிடிப்பையும் குறிக்கும், வலுவிழப்பையும் குறிக்கும். ஆகவே இன்னதெனத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலி எங்கே தொடங்கி எங்கே செல்கிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, உட்கார்ந்தால் குறைகிறதா என்பனவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது நன்று.

மறு ரண சிகிச்சை பெரியது. முதல் சிகிச்சையைவிட ஆபத்தும் மிகுதி. அவசரக் குறிகள் இல்லாதவரை, இரண்டாவது நிபுணர் ஒருவரின் கருத்தையும் கேட்ட பின்னரே இசைவு தர வேண்டும். ரண சிகிச்சையின்றி உடற்பயிற்சி, வலி குறைக்கும் மருந்து ஆகியவற்றால் எவ்வளவு பயன் கிட்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும், எத்தனை மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்று கேட்டறிக. புகையிலை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்குமாதலால் அதனை அறவே விடுதல் வேண்டும். எலும்பின் உறுதியையும் முன்னதாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

செலவும் சிறிதன்று. மத்திய அரசாங்க ஊழியர்களுக்கு, 1954-இல் தில்லியில் தொடங்கிய சுகாதாரத் திட்டம் துணை நிற்கிறது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதி பெற்ற குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்துள்ள பிற மாநில ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை பெறலாம். எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்பதைப் படுக்கைக்குப் பதிவு செய்யுமுன் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்க.

கம்பி பொருத்தியவர்களுள் பலர் ஆயுள் முழுவதும் தொல்லையின்றி வாழ்கின்றனர். எனவே சிறு வலி கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் வாரங்கள் கடந்தும் தணியாத வலியை, வயதின் இயல்பென்று எண்ணிப் பொறுத்திருத்தலும் தகாது. பழைய காகிதங்களை இன்றே தேடி ஓர் உறையில் இட்டு வைப்பது முதற் காரியமாகும். அதனை வலி வரும்வரை ஒத்திவைக்க வேண்டியதில்லை.