ஜெர்மன் மொழி: எங்கே கற்பது?

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. இந்தச் செய்தி பல்லாவரம், குரோம்பேட்டை வீடுகளிலும் நகையை அடகு வைக்கும் துணிவைத் தருகிறது. மொழியையும் அங்கேயே சென்று கற்கலாமே என்ற எண்ணம் அடுத்து எழுகிறது.

அங்கு சென்று கற்பது நல்லதே. எப்போது செல்வது என்பதே கேள்வி. ஐரோப்பிய மொழித் தரவரிசையில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உள்ளன. தொடக்கப் படிகளில் பெயர்ச்சொல்லின் பாலும் வேற்றுமையும் மனத்தில் பதிய வேண்டும். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் நுங்கம்பாக்கத்தில் கோதே நிறுவனம் இருக்கிறது. பேச்சு சரளமாக வேண்டிய பி1 படிக்குப் பிறகே அந்நாட்டுத் தெருவும் கடையும் ஆசிரியர்களாகின்றன.

செலவையும் எண்ண வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் இருக்க வேண்டும். மொழிப் படிப்பு விசாவுக்கும் பணவசதிச் சான்று தேவை. வகுப்பு வாரம் 18 பாடவேளைகளாவது நடக்க வேண்டும். மாலை நேர வகுப்பு அதற்குப் போதாது.

பள்ளியிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். வகுப்பில் எத்தனை பேர்? அவர்களில் ஒரே தாய்மொழியினர் எத்தனை பேர்? எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறீர்கள். அதைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா? விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்புமா? நான்காவதற்கு எழுத்தில் பதில் தராத பள்ளியிடம் முன்பணம் கட்டாதிருப்பதே நல்லது.