நிக்கல் பூசிய எஃகுத் தகடும் வளைவில் வரும் துருவும்

"நைனாரே, தகடு வந்தப்போ கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மூடியா அடிச்சப்புறம் வளைவுல சிவப்புக் கட்டுது. வந்து பாருங்க."

2011 ஜூலையில், மும்பை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், பட்டறைக்காரர் ஒருவர் இப்படித் தொலைபேசியில் கூப்பிட்டார். டார்ச் விளக்குக்குப் பின்மூடி அடிப்பவர். நான் கொடுத்தது 3 மைக்ரான் நிக்கல் முலாம் பூசிய எஃகுத் தகடு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "முலாம் கனம் பத்தலை, 5 மைக்ரான் எடுத்துக்கோங்க" என்று வியாபாரி புத்தியில் சொல்லிவிட்டேன். அதையும் அடித்துப் பார்த்தோம். துரு குறையவில்லை, விலைதான் ஏறியது. தகட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் கையைவிட்டுப் போன ஆர்டர் போனதுதான். இருபது வருஷம் தகடு விற்றவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்ற வெட்கத்தில்தான் உலோகவியல் நூல்களைப் பிரித்தேன்.

எல்லா முலாமும் ஒரே விதமாகக் காவல் காப்பதில்லை. கூரைக்குப் போடுகிற ஜி.ஐ. தகட்டில் இருப்பது துத்தநாகம். அது இரும்பைவிட எளிதாகக் கரையும் குணமுள்ளது. அதன் மின்னழுத்தம் -0.76 வோல்ட், இரும்பினுடையது -0.44. ஆகவே தகட்டில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படியல்ல. அதன் அளவு -0.25 வோல்ட், இரும்பைவிட உசத்தி உலோகம். போர்வையாகப் போர்த்தியிருக்கும் வரைக்கும்தான் அதன் காவல். போர்வையில் ஊசித்துளை விழுந்து ஈரமும் பட்டால் அங்கே ஒரு சின்ன மின்கலமே உண்டாகிவிடுகிறது. சுற்றிலும் அகலமான நிக்கல், நடுவே பொட்டளவு இரும்பு. அந்தப் பொட்டு இரும்பு, முலாமே இல்லாத இரும்பைவிட வேகமாக அரிக்கப்படும். காவல்காரனே திருடனுக்குக் கதவு திறந்துவிட்ட கதைதான்!

சரி, வெடிப்பு எங்கிருந்து வந்தது? நிக்கல் முலாம் பூசுவதற்கு இன்றும் பெரும்பாலும் பயன்படுவது அமெரிக்கரான ஆலிவர் வாட்ஸ் 1916-இல் வெளியிட்ட கரைசல்தான். நிக்கல் சல்ஃபேட்டு, நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் மூன்றும் சேர்ந்தது. அதில் மட்டும் பூசினால் முலாம் மங்கலாக இருக்கும், ஆனால் ஓரளவு நீளும். பளபளப்பு வேண்டுமென்று கந்தகம் கலந்த சேர்மங்களை ஊற்றுகிறார்கள். பளபளப்பு வருகிறது, இழுபடும் தன்மை போய்விடுகிறது. பிரஸ்ஸில் தகட்டைக் கிண்ணமாக இழுக்கும்போது அடிவளைவில் எஃகு நீள்கிறது. மேலே உள்ள நிக்கலுக்கு நீளத் தெரியாது, விரிசல் விடுகிறது. கனமாகப் பூசினாலும் அது விரிசல்தான். நாங்கள் 5 மைக்ரான் வாங்கி ஏமாந்தது இதனால்தான்.

இதற்கு மருந்து நெருப்பு. நம் பாட்டிமார் காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தணலில் வைத்துத் தேய்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயம் உருகிப் பித்தளையோடு கலந்து பிடித்துக்கொள்ளும். நிக்கலை உருக்க 1455 டிகிரி வேண்டும், அவ்வளவு சூடு தேவையில்லை. திட நிலையிலேயே ஓர் உலோகத்தின் அணுக்கள் இன்னொன்றுக்குள் நகரும். 1896-இல் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் என்ற ஆங்கிலேய அறிஞர் தங்கம் திடமான காரீயத்துக்குள் ஊடுருவுவதை அளந்தே காட்டினார். அதேபோல் நிக்கல் பூசிய தகட்டை ஹைட்ரஜனும் நைட்ரஜனும் நிரம்பிய உலையில் சூடேற்றினால் நிக்கல் இரும்புக்குள்ளும் இரும்பு நிக்கலுக்குள்ளும் போய், இடையில் ஒரு கலப்புலோக அடுக்கு அமைகிறது. பெட்டி உலையில் இது மணிக்கணக்கு வேலை, ஓடும் உலையில் நிமிடக்கணக்கு. மேலே மிச்சமிருக்கும் நிக்கலும் மறுபடிகமாகி மென்மையடைகிறது. பிறகு இழுத்தால் முலாமும் கூடவே நீளும். எங்காவது கிழிந்தாலும் அடியில் தெரிவது பச்சை இரும்பு அல்ல, கலப்பு அடுக்கு. அதற்கும் நிக்கலுக்கும் மின்னழுத்த வேறுபாடு குறைவு, அரிப்பும் மெதுவாகத்தான் நடக்கும்.

சூடு அதிகமானாலும் கெடுதல். இரும்பு மேற்பரப்பு வரைக்கும் ஏறி வந்துவிட்டால் அந்தத் தகடு வெளியிலேயே சிவக்கும். பதம் தப்பிய பாகு மாதிரிதான்.

இந்தத் தகட்டுக்குப் பெரிய கிராக்கி பேட்டரித் தொழிலில். அல்கலைன் செல்லின் வெளிக்கூடு இதுதான். உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கூட்டிலிருந்து இரும்பு கரைந்து துத்தநாகத் தூளில் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பி அழுத்தம் ஏறும், செல் கசியும். முன்பு கூட்டை அடித்த பிறகு முலாம் பூசினார்கள். ஆழமான கூட்டின் அடிவரை மின்னோட்டம் சரியாக எட்டாது, உள்ளே முலாம் மெலிந்துபோகும். அதனால் பூசிய தகட்டிலிருந்தே கூட்டை இழுக்கும் வழக்கம் வந்தது. ஜப்பானின் டோயோ கோகன் இதில் பெயர் பெற்றது. டாடா ஸ்டீல் 2007-இல் கோரஸ் நிறுவனத்தை வாங்கியபோது ஐரோப்பாவின் 'ஹிலுமின்' தகடும் அவர்கள் கைக்கு வந்தது.

வாங்குகிறவர் எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணால் முடியாது. பழைய நீலப்பட அச்சுக்குப் பயன்பட்ட பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடை உப்புக் கரைசலில் கலந்து, வடிதாளை நனைத்துத் தகட்டின்மேல் ஒட்டி வைக்க வேண்டும். இரும்பு தெரிகிற இடத்திலெல்லாம் நீலப் புள்ளி விழும். (இந்த உப்பை அமிலத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது, நச்சு வாயு வரும்.) ஆனால் தட்டையான தகட்டில் வைத்துப் பார்த்தால் பயனில்லை, என் பழைய தகடும் அதில் தேறியிருக்கும். 20 மில்லிமீட்டர் குண்டை அழுத்திக் குழி போடும் எரிக்சன் கருவியில் தகட்டைப் புடைக்கவைத்து, அந்தப் புடைப்பின்மேல் தாளை ஒட்ட வேண்டும். கருவி இல்லாதவர்கள் தங்கள் டையிலேயே ஒரு கிண்ணம் அடித்துப் பார்க்கலாம்.

அப்படித்தான் அந்தப் பட்டறையில் 2012-இல் இரண்டு தகட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதன் வளைவு முழுக்க நீலக் கோடு. சூடேற்றியதில் இரண்டே புள்ளி. மூடிக்காரர் இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த சுருளுக்கும் இதே மாதிரி தாள் கொண்டாங்க, அப்புறம் விலை பேசலாம்" என்றார்.